விறகுக் கணக்கில் பிறந்த படிப்பு

கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ரிசார்ட்டுகளும் மனைப் பிரிவுகளும் எடுத்துக்கொண்டது போக, அங்கங்கே சவுக்குத் தோப்புகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கு எல்லாத் தோப்பும் ஒன்றுதான். இறங்கி நின்று பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். மரங்கள் ஒரே இடைவெளியில், நேர் வரிசையில் நிற்கின்றன. ஒரு தோப்பில் எல்லா மரத்துக்கும் ஒரே வயசு. பக்கத்துத் தோப்பு அதைவிட இளசு. அதற்கு அடுத்ததில் வெட்டிய அடிக்கட்டையும் வெறும் மணலும். இந்த வருஷம் இது, அடுத்த வருஷம் அது, வெட்டிய இடத்தில் மறுபடி நடவு என்று யாரோ கணக்குப் போட்டு நடத்துகிறார்கள்.

வனவியல் படிப்பின் அஸ்திவாரமே இந்தக் கணக்குதான். வளர்கிற அளவுக்கு மேல் வெட்டாதே, வெட்டினால் நடு, எதை, எப்போது, எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதி வை. இன்றைக்கு டேராடூனிலும் கோவையிலும் மேட்டுப்பாளையத்திலும் சொல்லிக்கொடுக்கிற வன மேலாண்மை இங்கிருந்துதான் கிளைவிடுகிறது. காட்டின் மேல் வைத்த பாசத்தால் இப்படியொரு படிப்பு வந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தெற்கே அது பிறந்தது விறகுத் தட்டுப்பாட்டில். சென்னைப் பட்டணத்து அடுப்பும் ரயில் என்ஜினும்தான் அதன் தாய் தகப்பன். அந்த அடுப்புக்குத் தீனி போட்ட பக்கங்களில் ஒன்று பழைய செங்கல்பட்டு ஜில்லா.

துறை வருவதற்கு முன்

வனத்துறை என்று ஒன்று வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தில் காடு காக்கத் தெரியாமல் யாரும் இல்லை. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் வேடந்தாங்கல் ஏரி. நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் தனியாக உரம் வேண்டாம் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட வந்தபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் காலத்தில், பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கிவிட்டார்கள். அரசு அதைச் சரணாலயம் என்று சொன்னது 1936இல்தான்.

இன்னொரு பக்கம் இருளர்கள். செங்கல்பட்டுப் புதர்க்காட்டில் எந்தப் பொந்தில் எலி, எந்தப் புற்றில் பாம்பு, எந்த வேர் எந்தக் காய்ச்சலுக்கு என்பதெல்லாம் அவர்கள் வீட்டுப் பாடம். காரையும் களாவும் வீரையும் பாலையும் சிற்றீச்சும் மண்டிய இந்தக் காட்டை வெளியாட்கள் வெறும் முள்ளுக்காடு என்றார்கள். அதில் எது பழம், எது மருந்து, எது விறகு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் இருளர்கள்.

ஆனால் இந்த அறிவெல்லாம் அந்தந்த ஊரின் தேவைக்கு ஏற்பட்ட அறிவு. ஒரு மாநகரத்துக்கு நாள் தவறாமல் விறகு சேர்க்க வேண்டும் என்ற நிலைமை வந்தபோது, அதற்கு விடை சொல்ல யாரும் இல்லை.

பட்டணமும் ரயிலும்

1856ஆம் ஆண்டை இந்தக் கதையின் பிறந்த வருஷமாக வைத்துக்கொள்ளலாம். அந்த ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தெற்கின் முதல் ரயில் ஓடியது. தண்டவாளத்துக்கு அடியில் போட மரக்கட்டை வேண்டும். நல்ல நிலக்கரி தாராளமாகக் கிடைக்காத மாகாணத்தில் என்ஜினுக்கும் விறகுதான். கட்டைக்கு மலைக்காடுகளில் தேக்கும் கடினமரங்களும் விழுந்தன. விறகுக்குச் சமவெளியில் கைக்கு எட்டிய புதர்க்காடுகள் விழுந்தன. பட்டணத்து வீடுகளும் செங்கல் சூளைகளும் ஏற்கெனவே தின்றுகொண்டிருந்த அதே காடுகள்.

இந்தக் கணக்கை ஓரளவு சரிக்கட்ட வந்த மரம் சவுக்கு. கடற்கரை மணலில் வேறெந்த மரமும் இவ்வளவு வேகமாக எழும்பாது. வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் சத்தில்லாத மணலிலும் அது பிழைக்கிறது. பச்சையாக இருந்தாலே எரியும். காய்ந்தால் நல்ல சூடு. சென்னையைச் சுற்றிய கரையோரம் அரசாங்கமும் தனியாரும் போட்டி போட்டுக்கொண்டு சவுக்கு வைத்தார்கள். ராக்கெட் தளம் வருவதற்கு முன் ஸ்ரீஹரிகோட்டாவும் பட்டணத்துக்கு விறகு தந்த தீவுதான். தெற்கே மரக்காணம் வரை நீண்ட பக்கிங்காம் கால்வாயில், மாமல்லபுரத்தை ஒட்டி உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போய்வந்தன.

சவுக்கு வைப்பது சும்மா குழி தோண்டி நடுகிற வேலை இல்லை. காயை உலர்த்தினால் சிறகு ஒட்டிய பொடி விதை கொட்டும். அதை மணலோடு கலந்து பாத்தியில் தூவி, மேலே மெல்லிசாக மணல் போட்டு, வைக்கோல் மூட வேண்டும். கொஞ்சம் ஏமாந்தால் ராத்திரியோடு ராத்திரியாக எறும்பு மொத்த விதையையும் இழுத்துப் போய்விடும். முளைத்ததும் வைக்கோலை எடுத்து, நாற்றைப் பிடுங்கி வேறு பாத்தியில் மாற்றி, முழ உயரம் வந்த பிறகு மழையைப் பார்த்து நட வேண்டும். நட்ட பிறகு கோடையில் ஒவ்வொரு கன்றுக்கும் குடத்தில் தண்ணீர். மீட்டருக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கன்று. பத்தாயிரம் கன்றுக்கும் ஆள் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். கூலி எவ்வளவு, எத்தனை கன்று போகும், எத்தனையாவது வருஷம் வெட்டினால் போட்ட காசு திரும்பும்? இதற்கெல்லாம் பதில் தெரிந்த ஆள் வேண்டும். காவல்காரரும் பத்தாது, வேட்டைக்காரரும் பத்தாது.

ஆள் இல்லாத துறை

ரயில் ஓடிய அதே 1856இல் சென்னை மாகாணத்துக்கு முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டவர் ஹியூ கிளெக்ஹார்ன். சென்னையில் பிறந்து, ஸ்காட்லாந்தில் வளர்ந்து, மருத்துவராகத் திரும்பி வந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். மைசூர்ப் பக்கம் வேலை பார்த்தபோது காடு அழிவதை நேரில் கண்டவர். வெப்பமண்டலக் காடுகள் அழிந்தால் மழைக்கும் மண்ணுக்கும் என்ன ஆகும் என்று பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்துக்காக 1851இல் தயாரான அறிக்கையில் அவர் பங்கு பெரிது.

பதவி கிடைத்தது. கூட வேலை செய்ய வன ஊழியர் என்று ஒருவரும் இல்லை. இங்கிலாந்திலும் அப்போது வனவியல் பள்ளி கிடையாது. கிடைத்தவர்களை வைத்துத்தான் துறையை ஓட்ட வேண்டும். பட்டாளத்து அதிகாரிகள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஹென்றி பெடோம். காலாட்படை அதிகாரியாக இருந்தவர் கிளெக்ஹார்னுக்கு உதவியாளராக வந்து, பிறகு அவருக்குப் பின் பாதுகாவலராகி 1882 வரை இருந்தார். போகிற மலையெல்லாம் பெரணி, மரம், தவளை, பாம்பு என்று சேகரித்து, தென்னிந்தியத் தாவரங்கள் பற்றிய பெரிய நூல்களை எழுதினார். எந்த வகுப்பிலும் உட்காராமல் காட்டிலேயே படித்துத் தேறினவர்.

அவரைவிட முந்திய வாத்தியார் ஒருவர் மலபாரில் இருந்தார். மலபார் அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் சேர்ந்தது. கலெக்டர் கானலி 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட முடிவு செய்தார். தேக்கு விதை முளைக்கவே மறுத்தது. கெட்டி ஓட்டுக்குள் இருக்கும் விதை அது. அப்படியே விதைத்தால் பெரும்பகுதி மண்ணிலேயே கிடந்து வீணாகும். நனைத்துப் பார்த்தார்கள், காயவைத்துப் பார்த்தார்கள், நெருப்புக் காட்டிப் பார்த்தார்கள். பல முயற்சி பொய்த்த பிறகு நாற்றங்கால் வழியைப் பிடித்துக் காட்டில் நட்டு நிலைநிறுத்தியவர் சாத்து மேனன் என்ற உள்ளூர் அதிகாரி. அவர் பொறுப்பில் லட்சக்கணக்கான தேக்குகள் எழுந்தன. தேக்கு விதையை மாற்றி மாற்றி நனைத்துக் காயப்போடும் வேலை இன்றைய நாற்றங்காலிலும் உண்டு. தென்னிந்தியாவில் வனவியல் கற்பித்த முதல் ஆசிரியர் யார் என்று கேட்டால் நான் சாத்து மேனன் பெயரைத்தான் சொல்வேன். அவர் எழுதிய பாடநூல் ஒன்றும் இல்லை. நிலம்பூரில் நின்ற மரங்கள்தான் பாடம்.

இப்படி ஒருவர் இருவர் தங்கள் கெட்டிக்காரத்தனத்தால் நடத்தினால் துறை நடக்கும். அவர்கள் போன பிறகு? கற்றதை அடுத்தவருக்குச் சொல்லிவைக்க ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது.

மூங்கில் குச்சியிலிருந்து டேராடூனுக்கு

அந்த ஏற்பாட்டைச் செய்தவர் ஒரு ஜெர்மானியர், டீட்ரிச் பிராண்டிஸ். பர்மாவில் பெகு தேக்குக் காடுகளை 1856 முதல் பார்த்துக்கொண்டவர். காட்டில் எத்தனை தேக்கு நிற்கிறது என்று தெரியாமல் எத்தனை வெட்டலாம் என்று எப்படிச் சொல்வது? யானை மேல் ஏறினார். கையில் சில மூங்கில் குச்சிகள், ஒரு பேனாக்கத்தி. ஒவ்வொரு குச்சியும் மரத்தின் ஒரு பருமனுக்கு. பாதையின் இரு பக்கமும் குறிப்பிட்ட தூரத்துக்குள் தேக்கு தெரியும்போதெல்லாம் அதன் பருமனுக்குரிய குச்சியில் ஒரு வெட்டு. மழையில் காகிதம் நனைந்து போகும். மூங்கில் குச்சிக்கு அந்தக் கவலை இல்லை. சாயங்காலம் வெட்டுகளை எண்ணினால் அந்தப் பாதையோரக் காட்டின் இருப்பு தெரிந்துவிடும். மொத்தக் காட்டையும் எண்ணாமல் மாதிரி எடுத்துக் கணக்கிடும் இந்த முறைதான், கருவிகள் மாறி, இன்றைக்கும் வன மாணவர்கள் கற்கும் கணக்கெடுப்பு.

1864இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளரானார் பிராண்டிஸ். உயர் அதிகாரிகளைப் பயிற்சிக்கு பிரான்சின் நான்சிக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பவைத்தார். இந்தியாவை ஆண்ட பிரிட்டனுக்கு வனவியல் கற்க ஐரோப்பியப் பக்கத்து வீடுகள் தேவைப்பட்டன. 1885இல்தான் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் வனவியல் வகுப்பு வந்தது. பிறகு 1905இல் அது ஆக்ஸ்போர்டுக்குப் போனது. அதற்கு முன்பே, 1878இல், டேராடூனில் ரேஞ்சர்களுக்கான வனப் பள்ளி திறந்தாகிவிட்டது. கொஞ்ச காலம் வகுப்பறை, மீதிக் காலம் கூடாரத்தோடு காடு என்ற முறை அங்கேதான் ஊன்றியது. அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரான கிஃபோர்ட் பின்ஷோ, ஓய்வுபெற்று ஐரோப்பாவில் இருந்த பிராண்டிஸிடம் யோசனை கேட்டுத்தான் தன் படிப்பை அமைத்துக்கொண்டார். பர்மாக் காட்டில் குச்சியில் விழுந்த வெட்டு அமெரிக்கா வரைக்கும் போயிருக்கிறது.

சென்னை பிடித்த முரண்டு

1878இல் இந்திய வனச் சட்டம் வந்தபோது சென்னை மாகாணம் அதை ஏற்கவில்லை. காடு என்று நீங்கள் சொல்லும் இடமெல்லாம் ஏதோ ஒரு கிராமத்தின் எல்லைக்குள் இருக்கிறது, ஊராருக்கு அதில் மேய்ச்சலும் விறகும் தழையும் எடுக்கும் உரிமை உண்டு, அதை ஒரே வீச்சில் பறிக்க முடியாது என்று சென்னை ரெவின்யூ போர்டு வாதாடியது. பிராண்டிஸே இங்கே வந்து மாகாணத்தைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் 1882இல் சென்னைக்கென்று தனி வனச் சட்டம் வந்தது. இன்றும் தமிழ்நாட்டில் ஒரு காடு காப்புக்காடு ஆவது அந்தச் சட்டத்தின்படிதான். 4ஆம் பிரிவில் முதல் அறிவிக்கை. வன நிர்ணய அலுவலர் உரிமைகளை விசாரிக்க வேண்டும். பிறகு 16ஆம் பிரிவில் இறுதி அறிவிக்கை. வண்டலூர் உட்படச் செங்கல்பட்டுப் பக்கத்துக் காப்புக்காடுகளின் எல்லைக் கற்களுக்குப் பின்னால் இந்தச் சட்டம் நிற்கிறது.

சட்டம் வந்ததும் அதை நடத்தும் ஆட்கள் ஊருக்குள் வந்தார்கள். ஆடு மேய்க்கப் போனவரும் சுள்ளி பொறுக்கப் போனவரும் கண்டது லண்டன் கொள்கையை இல்லை. சீருடை போட்ட கடைநிலைக் காவலரைத்தான். மேய்ச்சல் சீட்டு, அபராதம், பறிமுதல், கையூட்டு என்று புகார் குவிந்தது. கடைசியில் அரசாங்கம் ஒரு வனக் குழுவை அமைத்து மாகாணம் முழுக்கச் சாட்சியம் வாங்கியது. 1913இல் அதன் அறிக்கை வந்தது. ஊர்த் தேவைக்கான காடுகளை ஊராரிடமே விட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் வலுப்பட்டு, சென்னை மாகாணத்தில் காட்டுப் பஞ்சாயத்துகள் பிறந்தன. மரம் தெரிந்தால் மட்டும் போதாது, மனுஷரையும் தெரிந்திருக்க வேண்டும் என்ற பாடம் இப்படி ஊராரின் புகார் மனுக்கள் வழியாக வந்தது.

கோவையில் ஒரு கல்லூரி

டேராடூனில் பயின்று வந்த ரேஞ்சர் அங்கே கண்டது சால் காடும் தேவதாருவும். இங்கே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது தேக்கு, சந்தனம், முள்ளுக்காடு, கடற்கரைச் சவுக்கு. மரம் வேறு, மழை வேறு, பேச்சு வேறு. தெற்குக்குத் தனிப் பள்ளி வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை. 1912இல் கோயம்புத்தூரில் சென்னை வனக் கல்லூரி திறந்தது. அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே பாடப்பொருள் அங்கே தயாராக இருந்தது. கோவையில் வனப் பாதுகாவலராக இருந்த ஹொரேஸ் ஆர்ச்சிபால்ட் காஸ் சேர்த்த மரத் துண்டுகள், பட்டைகள், விதைகள், விலங்கு மாதிரிகள் கொண்ட அருங்காட்சியகத்தை ஆளுநர் ஆம்ப்தில் 1902இல் திறந்து வைத்திருந்தார். காஸ் வன அருங்காட்சியகம் என்று இன்றும் அது இருக்கிறது. சி.இ.சி. ஃபிஷர் தொடங்கிய தாவர உலர்மாதிரித் தொகுப்பும் அதே வளாகத்தில்தான்.

கல்லூரியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? மரம் வளர்ப்பு, தாவரவியல், நில அளவை, காட்டு ரோடும் கல்வெர்ட்டும் போடுவது, தீத் தடுப்பு, வனச் சட்டம், மர அளவை. மர அளவையில் ஒரு சின்னக் கணக்கைப் பார்த்தால் இந்தப் படிப்பு எவ்வளவு தூரம் விறகுக்கடை வாசலில் பிறந்தது என்று தெரியும். ஒரு கட்டையின் சுற்றளவை நடுவில் நாடா போட்டு அள. அதை நாலால் வகு. வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கு. அதுதான் கனஅளவு. 80 செ.மீ. சுற்றளவு, 5 மீட்டர் நீளம் என்றால் 20 செ.மீ.யை 20 செ.மீ.யால் பெருக்கி 5 மீட்டரால் பெருக்க வேண்டும். விடை 0.2 கன மீட்டர். ஆனால் உருண்டைக் கட்டையின் உண்மையான கனம் கிட்டத்தட்ட 0.255. நூற்றுக்கு இருபத்தொன்றரை பங்கு எங்கே போனது? பட்டையையும், சதுரமாக அறுக்கும்போது கழியும் புறத்தகட்டையும் முன்கூட்டியே கழித்துக்கொண்டுவிட்டது சூத்திரம். வாங்குகிறவருக்குப் பயன்படும் மரம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. மரத்தை உயிராகப் பார்க்கிற கேள்வி அதில் எங்கேயும் இல்லை. நெஞ்சுயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில், நிற்கும் மரத்தின் சுற்றளவை எடுப்பதும் அந்தக் காலத்து நாலரை அடிதான், இன்னும் மாறவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு மத்திய அரசு கோவைக் கல்லூரியை எடுத்துக்கொள்ள, அது தென்னக வன ரேஞ்சர் கல்லூரி ஆனது. 1980இல் மாநில வனப்பணி அதிகாரிகளுக்கான மத்தியக் கல்லூரி அங்கே வந்தது. வனக்காப்பாளர்களையும் வனவர்களையும் பயிற்றுவிக்க வைகை அணையில் தமிழ்நாடு அரசின் வனப் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. வேலையில் சேர்ந்த பிறகு பயிற்சி என்பதோடு, படித்துவிட்டு வேலைக்கு வருவது என்ற வழியையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திறந்தது. அதன் வனக் கல்லூரி 1990 முதல் மேட்டுப்பாளையத்தில் இயங்குகிறது. 1988இல் கோவையில் வந்த வன மரபியல் நிறுவனத்தில் ஆய்வுக்குட்பட்ட முக்கியமான மரங்களில் நம் கரையோரச் சவுக்கும் ஒன்று. அங்கே உருவான ஒட்டுரகங்கள் காகித ஆலைக்கான தோப்புகளுக்குப் போகின்றன. விறகுக்கு வந்த மரம் காகிதமாகிவிட்டது.

பாடம் திரும்பிய இடம்

மரக் கணக்காக இருந்த படிப்பு உயிர்க் கணக்காக மாறியதற்குச் சட்டங்கள் காரணம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம், 1988இல் புதிய தேசிய வனக் கொள்கை. காட்டின் முதல் வேலை மண்ணையும் நீரையும் உயிர்களையும் காப்பது, மர வருமானம் அதற்குப் பிறகுதான் என்று அந்தக் கொள்கை வரிசையைத் தலைகீழாக்கியது. பாடத்திட்டமும் கூடவே திரும்பியது. அந்தத் திருப்பத்தை மாமல்லபுரம் கரையில் கண்ணால் பார்க்கலாம்.

வடநெம்மேலியில் 1976இல் ராமுலஸ் விட்டேக்கரும் கூட்டாளிகளும் முதலைப் பண்ணை தொடங்கினார்கள். இந்திய முதலைகள் அருகிவந்த காலம். இங்கே பெருகிய முதலைகள் பல மாநில வனத்துறைகளுக்குப் போயின. அதே வளாகத்தில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 1972 சட்டத்தாலும் தோல் ஏற்றுமதித் தடையாலும் பாம்புத்தோல் வியாபாரம் நின்று, பிழைப்பு இழந்த இருளர்களுக்கு அதே கைத்திறமை வேறு வழியில் சோறு போட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் உயிரோடு பிடித்து வருவார்கள். மண்பானையில் சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் மறையாத பாம்பு மறுபடி வந்தால் இன்னும் பிடிக்கக்கூடாது என்று தெரியும். வளர்கிற அளவுக்கு மேல் எடுக்காதே என்ற பழைய சவுக்குத் தோப்புச் சட்டம் பாம்புக்கும் பொருந்திவிட்டது.

சவுக்கோ வேறு பக்கம் மாட்டிக்கொண்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரம் முழுக்கச் சவுக்கு அரண் வைக்கும் வேகம் வந்தது. அலையைத் தணிக்க மரம் உதவும் என்று சொன்ன ஆய்வுகளும் இருந்தன. ஆனால் அலை நாக்கு தொடும் தூரம் வரைக்கும் நட்டால் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறிவரும் வெற்று மணல் போய்விடும். மணல்மேட்டில் தானாக முளைக்கும் அடம்பும் ராவணன் மீசையும் நிழலில் நலியும். ஒரே மரத்தை நேர் வரிசையில் வைப்பது பழைய பாடத்தில் பாஸ் மார்க். புதிய பாடத்தில் அது கேள்விக்குறி. இங்கே வனவர் வேலை என்பது நட வேண்டிய இடமும் சும்மா விட வேண்டிய இடமும் எது என்று பிரிக்கத் தெரிவது.

வண்டலூரிலும் இதே கதை. 1855இல் எட்வர்ட் பால்ஃபோர் எழும்பூரில் தொடங்கிய மிருகக்காட்சிசாலை, பட்டணத்துக்குள் நெருக்கடி தாங்காமல் வண்டலூர் காப்புக்காட்டுக்கு நகர்ந்து 1985இல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறந்தது. விறகுக்காகச் சுரண்டப்பட்டு நலிந்திருந்த புதர்க்காடு வேலிக்குள் வந்ததும் திரும்ப எழுந்தது. இப்போது அங்கே உயர்நிலை வனவுயிரினப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது. ஒரு கறித்துண்டு மானா ஆடா என்று மரபணு வைத்துச் சொல்லும் தடயவியல் ஆய்வும் வனப் பணியாளர் பயிற்சியும் அங்கே நடக்கின்றன. நாடா பிடித்துக் கட்டையை அளந்த துறை சோதனைக்குழாய்க்கு வந்து சேர்ந்துவிட்டது.

இன்றைக்கு உள்ளே போகும் வாசல்கள்

இந்தப் பணிக்கு வர நினைக்கும் செங்கல்பட்டுப் பிள்ளைக்கு மூன்று வாசல். மேல் வாசல் இந்திய வனப்பணி. யு.பி.எஸ்.சி. தேர்வு, முதல்நிலைத் தேர்வு 2013 முதல் சிவில் சர்வீஸுடன் ஒன்றாக நடக்கிறது, தேறினால் டேராடூன் இந்திரா காந்தி தேசிய வன அகாதமி. இந்தப் பணிக்குப் பெண்கள் முதலில் வந்தது 1980இல். நடு வாசல் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வனத்தொழில் பழகுநர் தேர்வு. ரேஞ்சர் ஆகும் வழி. கீழ் வாசல் வனக்காப்பாளர், வனக்காவலர் பதவிகள். 2024 முதல் இவை குரூப் 4 தேர்வோடு சேர்ந்துவிட்டன.

எழுத்துத் தேர்வில் தேறியவருக்கு நடைத் தேர்வு ஒன்று காத்திருக்கிறது. இந்திய வனப்பணிக்கு ஆண்கள் நாலு மணி நேரத்துக்குள் 25 கிலோமீட்டர், பெண்கள் 14 கிலோமீட்டர் நடந்து முடிக்க வேண்டும். 25 கிலோமீட்டர் என்பது கோவளத்திலிருந்து மாமல்லபுரம் போய்ச் சற்றே திரும்பும் தூரம். வேறு எந்த ஆபீஸ் வேலைக்கும் இப்படிக் கேட்பதில்லை. யானை மேல் குச்சியோடு போனாலும் சரி, ஜி.பி.எஸ். கருவியோடு போனாலும் சரி, காட்டை நடந்து பார்க்காதவர் காட்டை நிர்வகிக்க முடியாது என்பதில் துறைக்கு இதுவரை சந்தேகம் வரவில்லை.

சந்தேகம் வர வேண்டிய இடம் வேறு. 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைத் தேட முடியாமல் திணறியபோது, அந்நாட்டு அதிகாரிகளும் ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் அழைத்தது செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். பழக்கமில்லாத சதுப்பில் இறங்கி, தடம் பார்த்தே, முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. பிராண்டிஸ் குச்சியில் வெட்டிய கணக்குக்குக் கிடைத்த பாடப்புத்தக இடம், சடையன் மணலில் படிக்கும் தடத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை.

குரூப் 4 பட்டியலில் ‘வனக்காவலர் (பழங்குடி இளைஞர்)’ என்று ஒரு பதவி தனியாக உண்டு. நல்ல ஏற்பாடுதான்; காட்டில் பிறந்தவருக்குக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் அது ஏணியின் கடைசிப் படி. விறகு தேவைப்பட்டபோது விறகுக் கணக்கு தெரிந்தவரைத் தேடிப் பிடித்து வாத்தியாராக்கிய துறை இது. துறை பிறப்பதற்கு முன்பே, தேக்கு முளைக்காதபோது அரசு போனதும் சாத்து மேனனிடம்தான். இன்றைக்குத் தேவை உயிர்க் கணக்கு என்று துறையே சொல்கிறது. அப்படியானால் அடுத்து நிரப்ப வேண்டிய காலியிடம் காவலர் பணியில் இல்லை, வண்டலூரிலும் வைகை அணையிலும் கோவையிலும் பாடம் நடத்தும் நாற்காலியில்.